பரஸ்தானம் வைத்த பையும் பாரிஸ் விமானமும்

பூகோள உருண்டையில் நூலை வைத்து அளந்தால் சென்னைக்கும் பாரிசுக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. நான் கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறை அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த உருண்டையைத் துடைத்து, நூலால் அளந்து, அதன் சுற்றளவோடு வகுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. எங்கள் ஊர் பூவம். காரைக்காலின் வடக்கு எல்லையில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை அதே உருண்டையில் ஒரு நெல்மணி நீளம்தான். ஒரு சாண் தூரத்தைப் பற்றி நான் ஒரு மாதம் கவலைப்பட்டேன். நெல்மணி தூரத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எண்பத்து மூன்றாம் வருடத் தை மாதம். என் தங்கை சரோஜா கல்யாணமாகிப் பாரிஸ் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரைக்கால் டவுன்காரர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறார்கள். அவளால் ஒரு தடவை கூட ஊருக்கு வர முடியவில்லை. மூன்று பேருக்கு டிக்கெட் எடுப்பது லேசான காரியமா? அவள் மகன் குமரனுக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை காது குத்து வைத்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சரோஜாவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

கல்யாணத்துக்கு ஊருக்கு வராத அவளுடைய நாத்தனார் ஒரு விசேஷத்தில் எல்லார் முன்னாலும், "உன் அண்ணனைப் போட்டோவுல மட்டுந்தான் பார்த்திருக்கோம், நெசமாவே ஆள் இருக்காரா?" என்று கேட்டாளாம். கேலிதான். ஆனால் சரோஜா அதை மறக்கவில்லை. நான் வராவிட்டால் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு நடந்திருக்கிறது. "நீ வா அண்ணே. வேற யார் மடியிலயும் வைக்க விடமாட்டேன்" என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆறேகாலுக்குச் சென்னையில் விமானம். பம்பாயில் மாற வேண்டும். சனிக்கிழமை காலை பாரிஸ். அதை விட்டால் அடுத்த இடம் செவ்வாய்க்கிழமை விமானத்தில்தான்.

டிக்கெட்டைப் பார்த்ததும் அப்பா இரண்டு சந்தேகம் கேட்டார். முதலாவது நேரத்தைப் பற்றியது. பம்பாயில் இரண்டு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குப் பாரிஸ் போய்ச் சேரும் என்று போட்டிருந்தது.

"அஞ்சரை மணி நேரம்தானா? இங்கேருந்து காரு மெட்ராஸ் போறதுக்கே எட்டு மணி நேரம் ஆவுமேடா."

"அது அவங்க ஊர் மணிப்பா. நம்ம மணிக்கு அங்க நாலரை மணி நேரம் கம்மி. பறக்குறது பத்து மணி நேரம்."

"அப்ப அந்த நாலரை மணி நேரம் யாருக்கு?"

"வரும்போது திருப்பிக் கொடுத்துடணும்" என்றேன். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது சந்தேகம் திசையைப் பற்றியது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. "நான் போறது வடக்கே மெட்ராசுக்குத்தானே" என்று சொல்லிப் பார்த்தேன். "பிளேன் எந்தப் பக்கம் போவுது?" என்று திருப்பிக் கேட்டார். மேற்கே என்பதை மறைக்க முடியுமா? அந்த உருண்டையை அவரிடம் காட்டியதே நான்தான்.

இதற்குப் பரிகாரம் பரஸ்தானம். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் முன்னால் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை போய்விட்டால் ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வைத்த பை மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் அப்பா ஒரு நீல ரெக்சின் பையை எடுத்தார். ஒரு வேட்டி வைத்தால் போதும் என்றேன். "வெறும் வேட்டிய வச்சா வேட்டிதான் போவும். நீ போவணும்னா நீ போறதுக்கு உண்டானது போவணும்" என்று சொல்லி, பாஸ்போர்ட், டிக்கெட், குமரனுக்கு வாங்கிய தங்கத் தோடு மூன்றையும் அதில் வைத்தார். எனக்கும் பத்திரமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்திலேயே ஆரோக்கியசாமியின் வீடு. அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், கொத்தனார். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் பை தொங்கியது. அப்பா நிபந்தனையையும் அவருக்கு விளக்கிச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என் பயணம் ஒரு மாநிலம் தாண்டிவிட்டது, நான் வீட்டுக்குத் திரும்பி வந்து மத்தியானம் தூங்கினேன்.

வெள்ளி காலை ஐந்தரை. காரைக்காலிலிருந்து ஜெகபர் பாயின் அம்பாசடர் வந்தது. சென்னைக்குப் போக வர எழுநூறு ரூபாய் பேச்சு. வழியனுப்ப அப்பாவும் ஏறிக்கொண்டார். பெட்டியில் வடகம், கருவாடு, முறுக்கு, இரண்டு பாட்டில் செக்கு நல்லெண்ணெய். கருவாட்டைக் காரைக்கால்மேட்டுக்குப் போய் நானே வாங்கினேன். ஐந்து சுற்று பாலிதீன் சுற்றியும் அது கார் முழுக்கத் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்கால், நண்டலாறு செக்போஸ்ட். எங்கள் பக்கம் சாராயம் மலிவு, அந்தப் பக்கம் கெடுபிடி. ஆகவே காரைக்காலிலிருந்து போகிற எந்த வண்டியையும் சோதனை போடாமல் விடமாட்டார்கள். அன்றைக்கு இருந்த போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துண்டில் சுற்றிய இரண்டு பாட்டிலைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். ஜெகபர் பாயையும் முகரச் சொன்னார். நல்லெண்ணெய்தான் என்று முடிவாக இருபது நிமிஷம் ஆனது.

"வேற பை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா வாழ்நாளில் வெற்றிலை பாக்கைத் தவிர வேறொன்றும் தொடாதவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற பையே கிடையாது. வேணும்னா என் மடியையும் அவுத்துக் காட்டட்டுங்களா?"

வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஜெகபர் பாய் வண்டியை விரட்டினார். தரங்கம்பாடி தாண்டும் வரை அப்பா அந்தப் போலீஸ்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார், நான் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஆரோக்கியம் சித்தப்பா தன் வீட்டு வாசலில் நின்று கையைத் தூக்கினார். நானும் ஜன்னலில் கையை நீட்டி நன்றாக ஆட்டினேன்.

சீர்காழி வரை ரோடு மோசம். கொள்ளிடம் பாலத்தில் எதிரே வந்த கரும்பு லாரிகளுக்காக நின்றோம். சிதம்பரத்தில் கோபுரத்தைப் பார்த்து அப்பா காரிலிருந்தே கும்பிட்டார். எட்டே முக்காலுக்குக் கடலூர். சுமார் நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டலில் இட்லியும் பொங்கலும் சாப்பிட்டோம். பொங்கல் நன்றாக இருந்தது, முந்திரி கூடப் போட்டிருந்தார்கள்.

கை கழுவிக்கொண்டே ஜெகபர் பாய் கேட்டார். "தம்பி, பிளேன் ஆறேகாலா, ஆறே முக்காலா?"

"டிக்கெட்டையே பாத்துடலாம் பாய்" என்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அப்புறம் காரில் இருந்த பெட்டியை நினைத்தேன். அப்புறம் மாதா படமும் ஆணியும் ஞாபகம் வந்தன. அதற்கும் அப்புறம்தான், வாசலில் நின்று கையைத் தூக்கிய ஆரோக்கியம் சித்தப்பா. அவர் டாட்டா காட்டவில்லை. இன்னொரு கையில் நீலமாக எதையோ வைத்திருந்தார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எடுத்துக்கொள்வேன் என்று அவரும், அவர் ஞாபகப்படுத்துவார் என்று நானும் இருந்திருக்கிறோம்.

"ஏறுங்க, திரும்பிப் போயிடலாம்" என்றார் ஜெகபர் பாய், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"திரும்பக் கூடாது" என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க சூலத்துனாலதான்ப்பா இவ்வளவும். அங்க சரோஜா வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பா. இப்பவும் திரும்பக் கூடாது, கிரும்பக் கூடாதுன்னா?" என்று கத்திவிட்டேன். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. ஓட்டல் பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். நண்டலாற்றுக்குத் திரும்பிப் போக இரண்டே முக்கால் மணி நேரம், மறுபடி கடலூர் வர இரண்டே முக்கால், இங்கிருந்து மீனம்பாக்கம் நாலரை. எப்படிக் கூட்டினாலும் இரவு ஏழு மணிக்கு முன்னால் விடை வரவில்லை. திரும்பினால் விமானம் நிச்சயமாகப் போய்விடும். திரும்பாமல் இருந்தால், ஆரோக்கியம் சித்தப்பா தாமாகவே பஸ் பிடித்து வந்தால் உண்டு. பஞ்சாங்கம் சொன்னதையே என் கணக்கும் சொல்லியது. இதைவிட அவமானம் ஒரு கணக்கு வாத்தியாருக்கு வேண்டாம்.

"ஆரோக்கியம் வருவான்" என்றார் அப்பா.

ஒன்பதேகாலிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டின் வாசலில் நின்றோம். தெற்கேயிருந்து சென்னைக்குப் போகிற பஸ் எதுவும் உள்ளே வராமல் போகாது என்று டீக்கடைக்காரர் சொன்னார். நாகப்பட்டினம் பஸ் ஒன்று வந்தது. ஏறிப் பார்த்தேன், இல்லை. மாயவரம் பஸ் வந்தது, இல்லை. வேளாங்கண்ணியிலிருந்து ஒன்று, அதில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்றுதான் இறங்கியது. டவுன் பஸ்களில் கூட எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவன் மடியில் குமரன் உட்கார்ந்திருப்பதும், சரோஜா சமையல்கட்டுக்குள் போவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தன. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்பா வெயிலில் இருந்து நகரவில்லை. ஜெகபர் பாய் மூன்று டீ வாங்கி வந்து மூன்றையும் அவரே குடித்தார்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு இன்னொரு நாகப்பட்டினம் பஸ். முன் படிக்கட்டில் லுங்கியும் பனியனுமாக, தோளில் துண்டோடு ஒருவர் நின்றார். நீலப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். பிடிமானத்துக்கு முதுகைக் கம்பியில் முட்டுக்கொடுத்திருந்தார். பஸ் நிற்பதற்குள் அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியம் சித்தப்பா இறங்கியதும் என்னைத்தான் பிடித்தார். "நான் நிறுத்து நிறுத்துன்னு கையைத் தூக்குறேன், நீ என்னடான்னா ராஜா மாதிரி கையை ஆட்டிட்டுப் போற."

"தெரியல சித்தப்பா."

"உங்கம்மாகிட்ட கொடுத்து ஆள் அனுப்பச் சொல்லலாம்னு வீட்டுல சொன்னாங்க. பயணம் வச்சது பின்னால போவக் கூடாதுன்னு உங்கப்பன் ராமலிங்கம் நேத்துத்தான் சொன்னான். பாலம் தாண்டக் கூடாதுல்ல? அதான் அப்படியே முன்னால வந்துட்டேன். மொத பஸ்ஸு நிக்காம போயிட்டான். உக்கார இடம் கிடைக்கல. கீழ வைக்கலாமா வேணாமான்னு இவன் சொல்லல, அதனால கீழயும் வைக்கல."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. "ராகுகாலம் பத்தரைக்கு, அதுக்குள்ள எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டோம். புதுச்சேரியில் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தேன். மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. சோதனைக்காக எண்ணெய் பாட்டிலை மறுபடி ஒருவர் முகர்ந்தார். இந்தத் தடவை மூடியை நானே திறந்து நீட்டினேன்.

சென்னையிலிருந்து பம்பாய் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு மணி நேரம் இதைவிட நீளமாக இருந்தது. பம்பாயில் விமானம் மாறினேன். பாரிஸ் விமானத்தில் பக்கத்து இடத்தில் புதுச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இவர்களைச் சொல்தா என்பார்கள். பெல்ட் மாட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார்.

"மொத தடவையா? கடிகாரத்தை நாலரை மணி நேரம் பின்னால தள்ளிடுங்க. போய் எறங்கினா சரியா இருக்கும்."

"பின்னால தள்ளக் கூடாதுங்களே" என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். விமானம் ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர் பறக்கிறது. மணிக்கு எழுநூறு, பத்து மணி நேரம். கடலூரிலிருந்து மீனம்பாக்கம் வந்த நேரத்தில் இது பாரசீக வளைகுடாவை எல்லாம் தாண்டிவிடுகிறது. கீழே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரே இருட்டு. கொடுத்த சாப்பாட்டில் உப்பு இல்லை. நீலப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். பணிப்பெண் அதை வாங்கி மேலே வைக்கப் பார்த்தபோது விழித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தேன்.

சனி காலை ஏழரை, பாரிஸ். விடியவே இல்லை. வெளியே வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். சரோஜா கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கிப்போய் நின்றாள். என்னைப் பார்த்ததும் முதலில் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள், பிறகுதான் என்னிடம் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருப்பின் நாலாவது மாடியில் காது குத்தினார்கள். காரைக்காலில் இருந்து போய் அங்கே குடியேறிய ஆசாரி ஒருவர் ஊசியோடு வந்தார். குமரன் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகள் மாமனைக் கூப்பிடுகிற மாதிரி "தோந்தோன்" என்றான். முதல் காதுக்குச் சும்மா இருந்தான். இரண்டாவது காதுக்கு வீறிட்டு அழுது, என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் மேல் பொத்தான் தெறித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாத்தனார்தான் பொத்தானைத் தேடி எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

சாப்பாட்டின்போது பரஸ்தானக் கதையைச் சொன்னேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் கை ஆட்டிய இடத்தை மட்டும் மூன்று தடவை நடித்துக் காட்டச் சொன்னார்கள். சரோஜா சிரிக்கவில்லை. "சித்தப்பா கீழயே வைக்கலையா?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் இருந்தேன். நகரத்தில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கிளம்புகிற அன்று காலையில் சரோஜா என் கையில் அதே நீலப் பையைக் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். அவளுடைய புடவை ஒன்று, மாப்பிள்ளையின் வேட்டி ஒன்று, குமரனின் சட்டை ஒன்று.

"யாருக்கு இது?"

"யாருக்கும் இல்ல அண்ணே. நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிடாத. ஆரோக்கியம் சித்தப்பா வீட்டு ஆணியில மாட்டிடு." பையின் வாயை இழுத்து மூடினாள். "நாங்க கிளம்பிட்டோம்னு அர்த்தம். என்னைக்கு வந்து சேருவோமோ தெரியாது. ஆனா கிளம்பிட்டோம்."

நாலரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்னை வந்து சேர்ந்தேன். அங்கிருந்து பஸ். நண்டலாற்றுக்கு வடக்குப் பக்கமே இறங்கி, சித்தப்பா வீட்டில் பையை மாட்டிவிட்டு, பாலத்தின் மேல் வெறும் கையோடு நடந்தேன். பாரிசிலிருந்து பூவத்துக்கு எவ்வளவு தூரம் என்று இப்போது யாராவது கேட்டால் எட்டாயிரம் கிலோமீட்டர் என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கணக்கு இல்லை. எங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு பாலமும் ஒரு மைலும். பூகோள உருண்டையில் அதைக் காட்ட இடமே கிடையாது.

இரண்டு வருடம் ஆகிறது. பை அங்கேதான் இருக்கிறது. போன பொங்கலுக்கு ஆரோக்கியம் சித்தப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அப்பாவும் நானும் போனபோது பழைய சுவரில் மாதா படம் மட்டும் தொங்கியது. அப்பா பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். எதிர்ச் சுவரில், புது ஆணியில் நீலப் பை இருந்தது. எங்கள் ஊர் இருக்கிற தெற்குப் பக்கம்.

"எடுத்தது எடுத்தேன், எதுக்குப் பழைய எடத்துலயேன்னு இங்க மாட்டிட்டேன்" என்றார் சித்தப்பா. "சரோஜா எட்டடி முன்னால வந்திருக்கா."